நெனப்பு எங்க இருக்கு?

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் திட்டுவதற்கு அம்மா ஒரே வாக்கியம்தான் வைத்திருந்தார். "நெனப்பு எங்க இருக்கு உனக்கு?" அடுப்புக்கு முன்னாலேயேதான் நின்றிருப்பேன். கண் பாத்திரத்தின் மேல்தான் இருந்திருக்கும். ஆனாலும் பால் எப்போது ஏறியது, எப்போது வழிந்தது என்று தெரியாது. நெனப்பு எங்கோ போயிருந்தது. எங்கே என்று யாராவது கேட்டபிறகுதான் அது இங்கே இல்லை என்பதே உறைக்கும்.

இருபது வருடம் கழித்து இதே கேள்வி வேறு உடுப்பில் என் மெயிலுக்கு வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் டீமில் ஒன்பது பேர் ஐந்து பேர் ஆனோம். அதே வாரம் வெள்ளிக்கிழமை எச்ஆரிடமிருந்து ஒரு கடிதம்: ஊழியர் நலனை முன்னிட்டு எல்லாருக்கும் ஒரு தியான ஆப்பின் ஓராண்டுச் சந்தா இலவசம். ஆன்-கால் என்று ஒரு வேலை உண்டு. சர்வர் நடுராத்திரியில் விழுந்தால் எழுந்து உட்கார்ந்து தூக்கி நிறுத்துவது. ஒன்பது பேர் முறைவைத்துப் பார்த்ததை இனி ஐந்து பேர் பார்க்க வேண்டும். அதற்கு ஆள் தரவில்லை, ஆப் தந்தார்கள்.

கடுப்போடுதான் அதை இறக்கினேன். பிரச்சினை என்னவென்றால், அது வேலை செய்தது. முன்பெல்லாம் மூன்று மணிக்கு போன் அலறி எழுந்தால் விடியும்வரை தூக்கம் வராது. மூச்சைக் கவனி, கால் விரலிலிருந்து ஒவ்வொரு உறுப்பாகக் கவனத்தைக் கொண்டுபோ என்று அந்த வெள்ளைக்காரக் குரல் சொன்னதை மூன்று வாரம் செய்தபின், நாலரைக்குள் தூங்கிவிட முடிந்தது. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருக்கிறதே என்று எரிச்சலாகவும் இருந்தது. தாங்கக்கூடாத ஒன்றைத் தாங்கிக்கொள்ள எனக்குப் பயிற்சி கொடுக்கிறார்களோ?

எங்கள் தொழிலில் 'கிட் பிளேம்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. ஒரு நிரலின் எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்று காட்டும். பழைய நிரலில் புரியாத வரி ஒன்று வந்தால் திட்டுவதற்கு முன் அதை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். அந்த ஆப்பின் வரிகளை அப்படி ஓட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது. முதல் திரையிலேயே '2500 ஆண்டுப் பழமையான முறை' என்று போட்டிருந்தார்கள். அது பாதி உண்மை. மற்ற பாதிதான் எனக்குத் தேவைப்பட்டது.

*

உண்மையான பாதி இது. பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தில் ஸதிபட்டான சுத்தம் என்று ஓர் உரை இருக்கிறது. குரு நாட்டில், அதாவது இன்றைய டெல்லி, ஹரியானா பக்கம், கம்மாஸதம்ம என்ற ஊரில் புத்தர் சொன்னதாக. மூச்சில் தொடங்குகிறது. மூச்சு நீளமாகப் போனால் நீளம் என்று தெரிந்திரு, குட்டையாகப் போனால் குட்டை என்று தெரிந்திரு. பிறகு நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது. பிறகு கையை மடக்குவது, நீட்டுவது, சாப்பிடுவது, மெல்லுவது, மலம் கழிப்பது, சிறுநீர் கழிப்பது, பேசுவது, பேசாமல் இருப்பது. எல்லாவற்றையும் தெரிந்து செய். 'அன்றாட வாழ்வில் மைண்ட்ஃபுல்னஸ்' என்று இன்று புத்தகக் கடைகளில் தனி அலமாரி வைத்து விற்கும் சங்கதி முழுவதும் அந்த ஒரு பத்தியில் இருக்கிறது, கக்கூஸ் உட்பட.

இந்த உரைக்குக் கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் ஒரு விளக்கம் எழுதினார். எழுதியது இலங்கையில், அநுராதபுரத்து மகாவிகாரையில். எழுதச் சொன்னவர் புத்தமித்திரர் என்ற பிக்கு. இருவரும் முன்பு மயூரசுத்தபட்டணம் என்ற ஊரில் ஒன்றாக வாழ்ந்தவர்கள் என்று நூலின் முடிவுரை சொல்கிறது. அந்த ஊரை மயிலாடுதுறை என்பார்கள் சிலர், மயிலாப்பூர் என்பார்கள் சிலர். எது என்றாலும் நம் கடற்கரைக்குப் பக்கம்தான்.

அந்த விளக்கவுரையில் குரு நாட்டைப் பற்றி ஒரு கதை வருகிறது. அந்த ஊரில் வேலைக்காரர்கள்கூட ஸதி பழகினார்களாம். தண்ணீர்த் துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும் பெண்கள் வீண் பேச்சுப் பேசுவதில்லை, "நீ எந்த ஸதிபட்டானம் செய்கிறாய்?" என்று கேட்பார்களாம். ஒன்றும் செய்யவில்லை என்றால் திட்டு. ஒரு கிளியும் வருகிறது. கூத்தாடிகள் பிக்குணிகளின் மடத்தில் விட்டுப்போன கிளி. சும்மா இருக்காதே என்று மடத்துத் தலைவி அதற்கு 'எலும்பு, எலும்பு' என்ற சொல்லை மட்டும் தியானிக்கக் கொடுக்கிறாள். ஒருநாள் பருந்து தூக்கிப் போகிறது. பெண்கள் கூச்சல் போட்டு மீட்கிறார்கள். தூக்கிப் போகும்போது என்ன நினைத்தாய் என்று கேட்டால், ஓர் எலும்புக் குவியலை இன்னோர் எலும்புக் குவியல் தூக்கிக்கொண்டு போகிறது, எங்கே போய்ச் சிதறுமோ என்று நினைத்தேன் என்கிறது கிளி.

எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஆனால் கதையின் தொனியைக் கவனியுங்கள். 'அந்தக் காலத்தில் ஓர் ஊர் இருந்தது, அங்கே வேலைக்காரர்கள்கூட' என்ற ஆச்சரியம். சாதாரண ஊர்களில் அப்படி இல்லை என்பதுதான் அதன் அர்த்தம். அடுத்த பல நூற்றாண்டுகள் பௌத்த நாடுகளில் குடும்பஸ்தர்கள் செய்தது தானம் கொடுப்பது, சீலம் காப்பது, விகாரைக்குப் போவது, பிரித் கேட்பது. உட்கார்ந்து தியானம் செய்வது துறவிகளின் வேலை. அவர்களிலும் ரொம்பச் சிலருடைய வேலை.

இந்த இடத்தில் அந்தச் சொல்லையும் பார்த்துவிடலாம். ஸதி என்பது சமஸ்கிருத ஸ்மிருதியின் பாலி வடிவம். நேர் அர்த்தம் நினைவு, ஞாபகம். இதை 'மைண்ட்ஃபுல்னஸ்' ஆக்கியவர் ரைஸ் டேவிட்ஸ். 1860களில் இலங்கை சிவில் சர்வீஸில் வேலைக்கு வந்த ஆங்கில இளைஞர். நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில் பாலி ஆவணம் ஒன்று இருந்தது, படிக்க ஆளில்லை. அங்கே தொடங்கிய ஆர்வத்தில் ஒரு பிக்குவிடம் பாலி கற்றார். பிறகு மேலதிகாரியோடு தகராறு, அபராதம் விதித்ததில் முறைகேடு என்று விசாரணை, வேலை போயிற்று. அவருக்கு முன்பு இலங்கையில் இருந்த கோகர்லி என்ற பாதிரியார் 1845இல் 'சம்மா ஸதி'யைச் 'சரியான தியானம்' என்று பெயர்த்திருந்தார். ரைஸ் டேவிட்ஸ் 1881இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று போட்டார். அது நிலைத்துவிட்டது.

தமிழில் இதற்கு ஆளுக்கொரு சொல் வைத்திருக்கிறார்கள். முழுமனக் கவனம், மனமுழுமை, விழிப்புணர்வு. கூகுள் மொழிபெயர்ப்பைக் கேட்டால் நினைவாற்றல் என்கிறது, வல்லாரை லேகியம் மாதிரி. எனக்கென்னவோ ஸதிக்கு மிக நெருங்கிய சொல்லை அம்மா அடுப்படியில் வைத்திருந்தார் என்று படுகிறது. 'நெனப்பு'. ஞாபகமும் அதுதான், இப்போது கவனம் எங்கே இருக்கிறது என்பதும் அதுதான். 'நெனப்பா போ' என்றால் சாலையைக் கவனித்துப் போ என்றும் அர்த்தம், என்ன வேலையாகப் போகிறாய் என்பதை மறக்காதே என்றும் அர்த்தம். அந்த இரண்டாவது அர்த்தத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எங்கோ அது தொலைந்துபோகிறது.

*

தொலைந்த இடத்தைத் தேடுவதற்கு முன், குடும்பஸ்தர்களுக்கு இது எப்படி வந்தது என்று பார்க்க பர்மாவுக்குப் போக வேண்டும். ஆப்பில் 'பாடி ஸ்கேன்' என்று ஒன்று வரும், உடம்பைத் தலை முதல் கால்வரை கவனத்தால் துழாவுவது. அந்த வரியில் பிளேம் ஓட்டினால் ரங்கூனில் போய் நிற்கும்.

1885 நவம்பர். ஆங்கிலேயப் படை ஐராவதியில் மேலேறிப் போய் இரண்டே வாரத்தில் மாண்டலேயைப் பிடித்தது. மன்னர் திபோவைக் கப்பலேற்றி முதலில் மதராஸுக்குக் கொண்டுவந்தார்கள். சில மாதம் இங்கே வைத்திருந்துவிட்டு 1886 ஏப்ரலில் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். 1916இல் அங்கேயே இறந்தார். நமக்கு இது ஒரு மன்னர் நாடு கடத்தப்பட்ட கதை. பர்மியர்களுக்கு இன்னும் பெரிய இடி. அவர்கள் கணக்குப்படி புத்த சாசனத்தைத் தாங்கும் தூண் மன்னர். மடங்களுக்குப் படியளப்பவர், சங்கத்துக்குத் தலைவரை நியமிப்பவர், தேர்வு வைப்பவர் எல்லாம் அவர்தான். தூண் போனால் கூரை என்ன ஆகும்?

அந்தக் கேள்வியோடு ஊர் ஊராகக் கிளம்பியவர் லெடி சயாடோ (1846–1923). பெரிய பண்டிதர். முதலில் பசு மாமிசம் சாப்பிடாதீர்கள் என்று கடிதம் எழுதினார். வண்டியும் ஏரும் இழுக்கும் மாட்டை அடித்துத் தின்னும் வழக்கம் புது ஆட்சியோடு பெருகும் என்ற கவலை. பிறகு அபிதம்மத்தை, அதாவது பௌத்தத்தின் மிகக் கடினமான தத்துவப் பகுதியை, சாதாரண ஜனங்களுக்குப் பாடம் எடுத்தார். மனப்பாடம் செய்ய எளிய செய்யுளாக எழுதிக் கொடுத்தார். கடைக்காரர்களும் விவசாயிகளும் பெண்களும் குழு குழுவாக உட்கார்ந்து படித்தார்கள். அதன் தொடர்ச்சியாகத்தான் விபஸ்ஸனா தியானம். மன்னர் காப்பாற்றாத சாசனத்தை ஜனங்கள் தங்கள் உடம்பிலேயே வைத்துக் காப்பாற்றட்டும் என்ற ஏற்பாடு. அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே மெடாவி என்ற பிக்கு விபஸ்ஸனாவுக்குக் கையேடு எழுதியிருந்தார். ஆனால் அதை ஓர் இயக்கமாக்கியது பீரங்கிக்குப் பிந்தைய பயம்தான். எரிக் பிரவுன் என்ற ஆய்வாளர் 2013இல் லெடியைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி இதை விளக்கியிருக்கிறார். ஆக, வேலைக்குப் போகிற ஆள் காலையில் அரை மணி நேரம் கண் மூடி உட்காரும் வழக்கத்துக்கு வயது 2500 அல்ல, சுமார் 120. தோற்றுப்போன ஒரு நாடு, தோற்காமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது.

(அதே காலத்தில் மதராஸில் இன்னொரு நவீன பௌத்தம் முளைத்தது. அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ரங்கூனிலும் கிளை இருந்தது. அவர் புத்தரிடம் தேடியது சாதிக்குப் பதில். மூச்சைக் கவனிப்பது அவருடைய முதல் கவலை அல்ல. பௌத்தம் நவீன காலத்துக்கு வந்த வழி ஒன்றே ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.)

லெடியிடம் கற்றவர்களில் ஒருவர் சயா தெட்ஜி, விவசாயி, காவி உடுத்தாதவர். காலராவில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். ரங்கூனுக்கு ஆற்றின் அக்கரையில் இருந்த கிராமத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அவரிடம் 1937இல் வந்து சேர்ந்தவர் ஊ பா கின், அரசுக் கணக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து மேலேறியவர். வேலை போனாலும் பரவாயில்லை என்று கிளம்பிப் போனார் என்றும், திரும்பி வந்தபோது மேசைமேல் பதவி உயர்வுக் கடிதம் கிடந்தது என்றும் சீடர்கள் சொல்வார்கள். ஆன்மீகக் கதைகளில் இப்படி ஒரு கடிதம் எப்போதும் கிடக்கும். விட்டுவிடுவோம்.

எனக்குப் பிடித்தது வேறொரு சம்பவம். 1941இல் அவர் ரயில்வே கணக்கு அதிகாரி. தணிக்கைக்காகச் சௌக்ஸே என்ற ஸ்டேஷனில் இறங்குகிறார். பக்கத்தில் இருந்த வேபு சயாடோ என்ற துறவியைப் போய்ப் பார்க்கிறார். உனக்குத் தெரிந்ததை நாலு பேருக்குச் சொல்லிக்கொடு என்கிறார் துறவி. கூடப் போன உதவி ஸ்டேஷன் மாஸ்டர், எனக்கே முதலில் சொல்லிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொள்கிறார். நின்றுகொண்டிருந்த ரயில் பெட்டியில், சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவராக உட்கார்ந்து முதல் பாடம் நடக்கிறது. மலையும் இல்லை, குகையும் இல்லை. ஒரு தணிக்கை அதிகாரி, ஓர் உதவி ஸ்டேஷன் மாஸ்டர், ஒரு டைனிங் டேபிள்.

1948 ஜனவரி 4, பர்மா சுதந்திரம் பெற்ற அன்று ஊ பா கின் நாட்டின் தலைமைக் கணக்காயர் ஆனார். 1950இல் அலுவலகத்திலேயே விபஸ்ஸனா சங்கம் தொடங்கினார். ஊழியர்கள் உட்கார இடம் ஒதுக்கினார். 1952இல் ரங்கூனில் தனி மையம். ஒரே நேரத்தில் மூன்று, நான்கு துறைகளுக்குத் தலைவராக இருந்துகொண்டு, வேலைக்கு முன்னும் பின்னும் தியானம் சொல்லிக் கொடுத்தார்.

இதைப் படித்தபோது கொஞ்சம் அசடு வழிந்தது. மேலதிகாரி ஊழியர்களைத் தியானம் செய்யச் சொல்வது ஏதோ சிலிக்கான் பள்ளத்தாக்குத் தந்திரம் என்று நினைத்திருந்தேன். இதோ, 1950இல் ரங்கூன் ஏஜி ஆபீஸ். அப்படியானால் என் எச்ஆர் மெயிலுக்கும் ஊ பா கின்னுக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வித்தியாசம் உண்டு, அது சின்னதல்ல. அவருடைய முறையில் மூச்சுக்கு முன்னால் ஐந்து சீலம் வரும். கொல்லாதே, திருடாதே, தவறான உறவு வேண்டாம், பொய் சொல்லாதே, போதை வேண்டாம். காட்டில் இருக்கும் துறவிக்கு இது சடங்காக இருக்கலாம். கணக்கு அலுவலகத்தில் 'திருடாதே, பொய் சொல்லாதே' என்றால் என்ன? லஞ்சம் வாங்காதே, கணக்கைத் திருத்தாதே. ஊழல் மலிந்திருந்த வேளாண் விற்பனை வாரியத்தைச் சரிசெய்ய அரசாங்கம் தேடிப் போட்ட ஆளும் அவர்தான். அங்கே நெனப்பு என்பதற்கு இரண்டு அர்த்தமும் இருந்தன. மூச்சு எங்கே இருக்கிறது, நீ இங்கே என்ன வேலையாக வந்தாய்.

*

1955இல் அவரிடம் ஒரு வியாபாரி வந்தார். சத்திய நாராயண் கோயங்கா, மாண்டலேயில் பிறந்த மார்வாரி, வயது 31. ஒற்றைத் தலைவலி; மருத்துவர்கள் மார்ஃபின் ஊசி போடும் அளவுக்கு. வெளிநாடெல்லாம் போய்ப் பார்த்தும் தீரவில்லை. தலைவலிக்காக வந்தேன் என்றதும் ஊ பா கின் சேர்த்துக்கொள்ள மறுத்தார். மருத்துவமனையாக நினைத்து வராதே, மனதைச் சுத்தம் செய்ய வா, தலைவலி போனால் போகட்டும் என்றார். பிற்காலத்தில் இதே முறை அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் வலி நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1963, 64இல் தொழில்களும் கடைகளும் தேசியமயம். செட்டியார் கிட்டங்கிகளும் தமிழர்களின் கடைகளும் போயின. மூட்டையோடு கப்பலேறி வந்தவர்கள் கடற்கரை ரயில் நிலையம் எதிரே கடை போட்டு பர்மா பஜார் ஆனது 60களின் இறுதியில். கோயங்காவின் தொழிலும் அதே அலையில்தான் போனது. பறிகொடுத்ததால் தியானத்துக்கு நேரம் கிடைத்தது என்று அவர் நன்றியோடு சொல்வார். பர்மா பஜார்க்காரர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. 1969இல் அவர் இந்தியா வந்து மும்பையில் முதல் பத்து நாள் வகுப்பை நடத்தினார். 1976இல் இகத்புரி மையம். இன்று சென்னைக்கு வெளியே திருமுடிவாக்கத்திலும் ஒன்று. காலை நாலு மணிக்கு மணி, பத்து நாள் பேச்சில்லை, கட்டணம் இல்லை, விரும்பினால் கடைசியில் நன்கொடை. ஐந்து சீலம் முதல் நாளே வாங்கிக்கொள்ள வேண்டும். என் நண்பன் போய் மூன்றாம் நாள் ஓடி வந்துவிட்டான். "முட்டி வலிடா, மூச்சாவது மண்ணாவது."

பர்மாவிலிருந்து இன்னொரு கிளையும் பிரிந்தது. மஹாசி சயாடோ (1904–1982) 1949இல் ரங்கூனுக்கு அழைக்கப்பட்டார். பிரதமர் ஊ நுவே அழைத்தவர்களில் ஒருவர். மூச்சை மூக்கில் பார்க்காமல் வயிற்றில் பார்ப்பது அவர் முறை. எழுகிறது, தாழ்கிறது. எதையெல்லாம் உணர்கிறாயோ அதற்கு மனதுக்குள் ஒரு பெயர் போடு: வலி, சத்தம், யோசனை. நடக்கும்போது தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன். எனக்கு இது லாக் எழுதுவது மாதிரி. சரிசெய்யாதே, முதலில் பதிவு செய்.

இந்தியாவில் சுற்றிய அமெரிக்க இளைஞர்கள் சிலர் இந்த இரண்டு கிளைகளிலும் கற்று, ஊருக்குப் போய் 1975இல் மாசசூசெட்ஸின் பாரே என்ற சிற்றூரில் ஒரு தியான மையம் நிறுவினார்கள். எம்ஐடியில் மூலக்கூறு உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கிய ஜான் கபாட்-ஜின் 1979இல் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது என்கிறார். அதே ஆண்டு வூஸ்டரில் இருந்த பல்கலைக்கழக மருத்துவமனையில் அடித்தளத்தில் ஒரு வகுப்பைத் தொடங்கினார். மருத்துவர்கள் இனி செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிய நாள்பட்ட வலிக்காரர்கள் வந்தார்கள். எட்டு வாரம், வீட்டில் தினமும் 45 நிமிடம். ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மென்று ஐந்து நிமிடம் சாப்பிட வைப்பார். ஊ பா கின் சீடரான ராபர்ட் ஹோவர் என்ற அமெரிக்கரிடம் கற்ற உடம்புத் துழாவல்தான் 'பாடி ஸ்கேன்' ஆனது. புத்தர், சீலம், பாலிச் சொற்கள் எதுவும் வகுப்பில் கிடையாது. வேண்டுமென்றேதான் எடுத்தார். மதம் என்று முத்திரை விழுந்தால் மருத்துவமனை வாசலே திறக்காது.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதுகுவலியோடு வந்தவரிடம் முதலில் பொய் சொல்வதை நிறுத்து என்று சொல்ல முடியாது. பலனும் இருந்தது. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு இதன் ஒரு வடிவத்தை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பு 2004லேயே பரிந்துரைத்தது. எல்லாருக்கும் எப்போதும் பலிக்கும் என்பதும் இல்லை. பிரிட்டன் பள்ளிகளில் 8000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திப் பார்த்த ஆய்வு 2022இல் வந்தது. வழக்கமான பாடத்தைவிட மேலாக ஒன்றும் நடக்கவில்லை. பெரிய அதிர்ச்சியைச் சுமப்பவர்களுக்குக் கண் மூடி உட்காருவது சில நேரம் காயத்தைக் கிளறும். அவர்கள் மருத்துவரிடம்தான் முதலில் போக வேண்டும், ஆப்பிடம் அல்ல.

ஆனால் மருத்துவமனையில் நியாயமாக இருந்த அந்த வெட்டு, அடுத்த இடத்துக்குப் போனபோது வேறாகிவிட்டது. 2007இல் கூகுளில் சேட்-மெங் டான் என்ற சிங்கப்பூர் எஞ்சினியர் ஊழியர்களுக்கு வகுப்பு தொடங்கினார். 2010 வாக்கில் ஆப்கள் வந்தன. 2021இல் அமேசான் தன் கிடங்கில் தொழிலாளர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தியான வீடியோ பார்க்க ஒரு சிறு பெட்டியறையைக் காட்டி ஒரு வீடியோ போட்டது. பெயர் 'அமாஜென்'. ஊர் சிரித்தது, வீடியோவை எடுத்துவிட்டார்கள். பார்க்க அசல் போன் பூத் மாதிரியே இருந்தது. நெனப்பின் இரண்டாவது அர்த்தம், என்ன வேலையாக வந்தாய், யாருக்கு என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்ற கேள்வி, அந்தப் பெட்டியில் எங்கே நிற்கும்? ஊழியரிடம் மட்டும் அல்ல, பெட்டியை வாங்கியவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி அது.

*

பாத்திரம் தேய்க்கும்போது பாத்திரம் தேய்ப்பதை மட்டும் செய். இந்த அறிவுரையை எல்லா ஆப்பிலும் கேட்டிருப்பீர்கள். முதலில் கேட்டபோது, வீட்டில் ஒருநாளும் பாத்திரம் தேய்க்காத ஆம்பளை எழுதியது என்று நினைத்தேன். இதிலும் பிளேம் ஓட்டினேன். வந்தது வியட்நாம்.

திக் நாட் ஹான் என்ற துறவி 60களில் சைகோனில் இளைஞர்களைச் சேர்த்து ஒரு சமூக சேவைப் பள்ளி தொடங்கினார். குண்டு விழுந்த கிராமங்களுக்குப் போய் வீடு கட்டுவது, பள்ளிக்கூடம் வைப்பது, மருந்து கொடுப்பது. எந்தக் கட்சியும் எடுக்கவில்லை, அதனால் இரண்டு கட்சிக்கும் சந்தேகம். அவர்களில் சிலர் கொல்லப்பட்டார்கள். 1966இல் அமைதிக்காகப் பேச அமெரிக்கா போனவரை நாடு திரும்ப விடவில்லை; 2005வரை வர முடியவில்லை. 1974இல், பிரான்ஸில் இருந்தபடி, அந்தப் பள்ளியில் வேலை செய்துகொண்டிருந்த குவாங் என்ற சகோதரருக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். பாத்திரம் தேய்ப்பது, தேநீர் குடிப்பது, ஆரஞ்சுச் சுளையைச் சுளையாகச் சாப்பிடுவது எல்லாம் அந்தக் கடிதத்தில்தான் வருகின்றன. பின்னால் அது புத்தகமாகி உலகம் முழுக்கப் போனது.

யாருக்கு எழுதினார் என்று தெரிந்தபிறகு அந்தப் பாத்திரம் எனக்கு வேறு பாத்திரமாகிவிட்டது. நாளைக்கு உயிரோடு இருப்போமா என்று தெரியாத, வெறுப்பில் மூழ்கிவிட எல்லா நியாயமும் உள்ள இருபது வயதுப் பிள்ளைகள், வேலையையும் விடாமல் தங்களையும் தொலைக்காமல் இருக்க எழுதப்பட்ட குறிப்பு அது. பத்து நாள் விடுப்பு எடுத்து எங்கேயும் போக முடியாது. போருக்கு நடுவே பாத்திரம் தேய்க்கும் நேரம்தான் கிடைக்கும். சீலங்களையும் அவர் கைவிடவில்லை, இக்காலத்துக்கு ஏற்ப ஐந்து பயிற்சிகளாகத் திருத்தி எழுதினார்.

எனவே அந்த ஆப்பை அழித்தேன். தியானத்தை விடவில்லை. காலையில் இருபது நிமிடம், சாப்பாட்டு மேசை நாற்காலியில். மூக்கு நுனியில் மூச்சு வந்து போகும் இடத்தைப் பார்ப்பது. நாலாவது மூச்சில் மனம் ஏதாவது டிக்கெட்டுக்கோ பழைய சண்டைக்கோ போய்விடும். போனது தெரிந்ததும் திரும்பி வருவது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். மனம் போய்விட்டது, எனக்கு வராது என்று எழுந்துவிடுகிறார்கள். போனது தெரிகிறதே, அந்த நொடிதான் பயிற்சி. 'நெனப்பு எங்க இருக்கு' என்று கேட்க அம்மா பக்கத்தில் இல்லாதபோது நாமே கேட்டுக்கொள்வது. இருபது நிமிடத்தில் முப்பது தடவை போனால் முப்பது தடவை பயிற்சி. உட்கார நேரமில்லாதவர்கள் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது இரண்டு கால் பாதத்தையும் தரையில் உணர்ந்து பார்க்கலாம். போன் அடித்ததும் எடுக்காமல் ஒரு மூச்சு. பைக் சாவியை ஆணியில் மாட்டும்போது மாட்டுவதைப் பார்த்து மாட்டுவது. சாவி தேடும் நேரமாவது மிச்சம்.

போன மாதம் மேனேஜர் அழைத்தார். இன்னொருவர் வேலையை விட்டுப் போகிறார், அவருடைய ஆன்-கால் வாரத்தையும் சேர்த்து நீங்க பார்த்துக்கோங்க, தொடர்ந்து மூணு வாரம்தான் என்றார். எப்போதும் போல 'ஓகே' என்று சொல்ல வாயெடுத்தேன். தாடை இறுகியிருந்தது. வயிற்றில் ஏதோ கல் மாதிரி. இதற்கு முன்பும் ஒவ்வொரு ஓகேவுக்கும் அது இறுகித்தான் இருக்கும், நான் பார்த்ததில்லை. ஒரு மூச்சு விட்டுவிட்டு, "யோசிச்சு சொல்றேன்" என்றேன். மறுநாள் மூன்று வரியில் மெயில் எழுதினேன். தொடர்ந்து மூன்று வாரம் என்னால் முடியாது. மற்ற மூவரிடமும் பேசிவிட்டேன், அவர்களுக்கும் இதே நிலைதான். ஆள் வேண்டும், இல்லையென்றால் இரவு நேர உறுதிமொழியைக் குறைக்க வேண்டும். பொய்யாக ஒரு காரணம், உடம்பு சரியில்லை என்று எழுத ரொம்ப ஆசையாக இருந்தது. எழுதவில்லை.

நால்வரும் பெயர் போட்டு அனுப்பியிருக்கிறோம். பார்க்கிறேன் என்று ஒரு வரி வந்திருக்கிறது. இந்த வாரம் ஆன்-கால் எனக்குத்தான். நேற்று ராத்திரி இரண்டேகாலுக்கு அடித்தது.